வேட்டை இலக்கியத்தில் வழிகாட்டி

வேட்டை தமிழிலக்கியத்தின் பழம்பொருள்களுள் ஒன்று. குறிஞ்சித் திணையின் கருப்பொருளாகவும், புறப்பாடல்களில் வள்ளல்தம் வீரத்தை அளக்கும் கோலாகவும், பிற்காலக் காப்பியங்களில் தலைமகனின் இளமை விளையாட்டாகவும் அஃது இடம்பெறுகின்றது. இதனை ஆராய்ந்த அறிஞர் வில், அம்பு, வேல், நாய், வலை முதலிய கருவிகளைத் தொகுத்தனர், விலங்குகளை வகைப்படுத்தினர், வேட்டுவரின் உணவும் உடையும் வழிபாடும் எடுத்துரைத்தனர். அவர்தம் உழைப்பு போற்றற்குரியது. எனினும் ஒரு வினா இன்னும் போதிய அளவு கேட்கப்படவில்லை. காட்டை அறியாதார்க்குக் காட்டைக் காட்டியவன் யாவன்? அவனுக்கு நூல் தரும் இடம் யாது?

இவ்வினா வெறும் பழம்பொருள் ஆராய்ச்சியன்று. வடபுலக் கானகங்களில் பெருவிலங்கு வேட்டைக்கு வழிகாட்டுதல் இன்று சட்டத்தால் வரையறுக்கப்பட்ட தொழிலாகும். அமெரிக்க நாட்டு அலாஸ்காவிற்குப் பழுப்புக் கரடியையோ மலையாட்டையோ வேட்டையாட வரும் வெளிமாநிலத்தார், உரிமம் பெற்ற வழிகாட்டியை உடன்கொண்டோ, அங்கு வாழும் நெருங்கிய உறவினரை உடன்கொண்டோதான் காடு புகுதல் வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் இதனையொத்த விதி உண்டு. வழி அறிந்தான் ஒருவன் இன்றி வேட்டை இல்லை என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட பின்னரும், வேட்டை நூல்களைத் திறனாயும் நாம் வில்லெடுத்தவனை மட்டுமே நோக்கிக்கொண்டிருத்தல் பொருந்துமா?

இக்கட்டுரையில் யாம் மூன்று அளவைகளைக் கொள்கின்றோம். வழிகாட்டிக்கு நூலில் பெயர் உண்டா என்பது ஒன்று. அவன் தன் வாயால் பேசுகின்றானா என்பது இரண்டாவது. அவன் அறிவு பின்வருவார்க்குச் சென்று சேர்கின்றதா என்பது மூன்றாவது. இம்மூன்றையும் கொண்டு, தமிழர்க்கு வட எல்லையாய் நின்ற வேங்கடத்திலிருந்து தொடங்கிச் சில நூல்களை மதிப்பிடுவோம்.

1. வேங்கடமும் நியமமும்

தொல்காப்பியப் பாயிரம் தமிழ்கூறும் நல்லுலகின் வட எல்லையாக வேங்கடத்தைக் கூறும். ஆகலின் சங்கப் புலவர்க்கு 'வடபுலக் காடு' என்பது முதற்கண் வேங்கடமே. அகநானூற்றின் 61ஆம் பாடலில் மாமூலனார் அம்மலையைப் பாடுகின்றார். ஆங்கு வாழும் வில்லோர் யானையைக் கொன்று அதன் வெண்கோட்டைக் கொணர்வர். கள் விலைக்குக் கொண்ட நெல்லோடு நாளோலக்க மகிழ்ச்சி கொண்டாடுவர். அவர்தம் தலைவன் புல்லி. அவ்வேங்கடமே கிடைப்பினும் தலைவன் ஆண்டுத் தங்கான் என்று, நாள்களைக் கோடிட்டெண்ணிய சுவரை நோக்கி வருந்தும் தலைவியைத் தோழி தேற்றுகின்றாள்.

இப்பாடலில் வேட்டை காணப்படும் கோணம் கருதத்தக்கது. பேசுபவள் மனையிலிருக்கும் தோழி. வேங்கடக் காடு அவளுக்குக் கேள்வியால் வந்தது. எனவே அவள் கூற்றில் வில்லின் ஓசை உண்டு, கோட்டின் வெண்மை உண்டு, கொண்டாட்டம் உண்டு. காட்டினுள் புகும் வழி இல்லை.

கல்லாடனார் பாடிய 83ஆம் பாடலில் நிலை வேறு. அதனைக் கூறுபவன் சுரத்திடைச் செல்லும் தலைவன். புல்லியின் இளைஞர் பிடி அலறக் களிற்றுக் கன்றைப் பிரித்துக் கொள்கின்றனர். மராமரத்தின் கொழுங்கொம்பைப் பிளந்து, உரித்த வெண்ணாரால் அக்கன்றைப் பிணிக்கின்றனர். கொடிகள் ஆடும் நியமத்தையுடைய மூதூருக்குக் கொணர்ந்து கள் விற்கும் மனை வாயிலில் கட்டுகின்றனர். எந்த மரம், எந்தக் கொம்பு, எவ்வாறு நார் என்னும் தொழில் நுட்பம் இங்கே இடம்பெறுகின்றது. வழியிற் சென்றவன் கண் கண்டது இது. மனையில் இருந்தாள் செவி கேட்டது அது. இரண்டும் பாலைப் பாடல்களே. இரண்டிலும் வேங்கடமே வருகின்றது. ஆயினும் கூற்று நிகழ்த்துவோர் வேறுபடவே, காட்டறிவின் அளவும் வேறுபடுகின்றது.

'நியமம்' என்னும் சொல் அங்காடித் தெருவைக் குறிப்பது. வடபுல வேட்டையின் முடிவிடம் அங்காடி என்பதை இரு பாடல்களும் ஒருங்கே உணர்த்துகின்றன. அங்காடிக்கு வந்த யானைக்கோடு விலைப்பொருள். எகிப்து நாட்டுப் பாப்பிரசு ஏடு ஒன்று, முசிறித் துறையிலிருந்து சென்ற கப்பலின் சரக்குகளுள் யானைக்கோட்டையும் குறிக்கின்றது. அவ்வேடு எடையும் விலையும் கூறும். கோடு எடுத்தவர் எவர் என்று கூறாது. ஏட்டின் தொழில் அஃதன்று. ஆனால் மரா நாரின் வெண்மையைக் கூறிய புலவர், ஏடு விட்டதனைத் தம் பாட்டில் தொட்டுள்ளார் என்க. எனினும் இவ்விளையர்க்குப் பெயர் இல்லை; பெயர் தலைவனாகிய புல்லிக்கே உண்டு. அவர்கள் பேசவும் இல்லை. நம் மூன்றாம் அளவை மட்டுமே ஒரு சிறிது நிறைவு பெறுகின்றது.

2. புல்லை முடிந்திடும் அறம்

மலைபடுகடாம் இவ்வகையில் தனித்து நிற்பது. இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் நன்னனைப் பாடிய இந்நூல் 583 அடிகளால் இயன்றது. நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிர்ப்படும் கூத்தர்க்கு மலைவழி கூறுவதே நூலின் யாப்பு. புனத்தை அழிக்கும் பன்றிக்கு அஞ்சிப் புழைதோறும் கல்லாலாகிய பொறிகளை மாட்டியிருப்பர் என்றும், ஆகலின் பொழுது புலர்ந்தபின் செல்லுமாறும் அவன் எச்சரிக்கின்றான். வழி மயங்கினால் நடத்தலை நிறுத்தி இசைக்கருவிகளை இயக்குமாறும், அவ்வோசை கேட்டுக் கானவர் வந்து உதவுவர் என்றும் அறிவுறுத்துகின்றான். கானவரைக் காட்டைக் காத்து வாழ்பவர் என்றே புலவர் குறிப்பது நோக்கத்தக்கது. வேட்டையாடுவோரையே காடு காப்போராகக் கண்ட பார்வை அது.

ஈண்டு ஒரு தடை எழலாம். வழிகூறுபவன் கூத்தனேயன்றி வேட்டுவன் அல்லனே எனின், அது மெய்யே. ஆயினும் கூத்தனின் அறிவு எங்கிருந்து வந்தது? பொறி மாட்டிய புழையும், வழி மயங்கும் இடமும், உதவிக்கு வருவார் இயல்பும் அவன் தானே புனைந்தன அல்ல; சென்று கற்றன. அவன் தன் அறிவின் எல்லையையும் உணர்ந்தவன். வழி தவறிய இடத்தில் 'நான் சொன்னபடி செல்க' என்று கூறாமல், கானவரை நாடுக என்று தனக்கு மேற்பட்ட வழிகாட்டியைக் காட்டுகின்றான்.

இந்நூலின் உச்சமாக யாம் கருதும் இடம் ஒன்று உண்டு. வழி பிரியும் கவலைகளில், புதியராய்ப் பின்வருவோர் மயங்காமல் இருத்தற்குத் தரையைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுமாறு கூத்தன் கூறுகின்றான். பின்வருவோர் யார் என அவனும் அறியான், கேட்போரும் அறியார். வழிகாட்டப் பெற்றவன் வழிகாட்டியாக மாறும் இடம் இதுவே. நம் மூன்றாம் அளவையை யாம் இவ்விடத்திலிருந்தே பெற்றோம்.

பெயர் பற்றிய முதல் அளவைக்குப் புறநானூற்று 150ஆம் பாடல் ஒரு திருத்தம் தருகின்றது. காட்டில் பசித்து இளைத்திருந்த வன்பரணரைக் குருதி தோய்ந்த அடியுடைய வேட்டுவன் ஒருவன் காண்கின்றான். தன் இளையர் வந்து சேருமுன்னரே தீக்கடைந்து ஊனைச் சுட்டு ஊட்டுகின்றான். அணிகளைக் கழற்றித் தருகின்றான். நாடு யாது என்றாலும் கூறவில்லை. நீ யார் என்றாலும் கூறவில்லை. அவன் நள்ளி என்பதைப் புலவர் வழியில் பிறர் சொல்லக் கேட்டே அறிகின்றார். தானே பெயரை மறைத்துக்கொள்ளுதல் சான்றாண்மை. பிறர் அவன் பெயரைக் கேளாமல் விடுதல் அவ்வாறன்று. புலவர் கேட்டார்; கேட்டதோடு அமையாது பிறர்பால் அறிந்து பாடியும் வைத்தார். எனவே பெயரின்மை எல்லாம் ஒரு தன்மையதன்று என்பதை உணர்ந்தே முதல் அளவையைக் கையாளுதல் வேண்டும்.

3. நாணனும் காடனும்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய கண்ணப்ப நாயனார் புராணத்தில் மூன்று அளவைகளும் ஒருங்கே நிறைகின்றன. பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் நாகனுக்கும் தத்தைக்கும் பிறந்த திண்ணனார் தம் கன்னி வேட்டைக்குச் செல்கின்றார். களம் மீண்டும் வட எல்லைப் புறமாகிய காளத்தி மலைச் சாரலே. தப்பி ஓடிய பன்றியைத் தொடரும் அவரை நாணன், காடன் என்னும் இருவர் மட்டும் விடாது பின்பற்றுகின்றனர்.

பொதுவாக இவ்விருவரையும் துணைமாந்தர் என்று கூறி விடுவர். ஆனால் கதையின் திருப்பங்கள் யாவும் நாணன் வாய்மொழியால் நிகழ்கின்றன. நீர் எங்குளது என்ற வினாவிற்குப் பொன்முகலி ஆற்றைக் காட்டுபவன் நாணன். மலைமேல் குடுமித்தேவர் உளர் என்பவன் நாணன். பூவும் பச்சிலையும் இட்டவர் யார் எனத் திண்ணனார் வியந்தபோது, முன்னொரு நாள் நாகனோடு வேட்டைக்கு இங்கு வந்தபோது ஓர் அந்தணர் நீராட்டிப் பூவிட்டு உணவூட்டக் கண்டேன் என்று விடை கூறுபவனும் அவனே. முந்தைய வேட்டையின் நினைவு பிந்தைய தலைமுறைக்கு வழியாகின்றது. அந்நினைவு இல்லையேல் கண்ணப்பர் வழிபாட்டின் தொடக்கம் அவ்வாறு அமைந்திராது.

சேக்கிழாரின் திறம் இதனோடு நிற்கவில்லை. திண்ணனார் இறைவனை விட்டு நீங்காமையைக் காடனுக்கு எடுத்துரைக்கும்போது, பொந்தினைப் பற்றிக்கொண்டு வெளிவாராத உடும்பை நாணன் உவமையாகக் கூறுகின்றான். உடும்பு பிடித்த கையால் பிறந்த உவமை அது. பத்தியின் உறுதியைக் கூறற்குச் சாத்திரச் சொல்லை நாடாமல் வேட்டுவன் சொல்லையே சேக்கிழார் கொண்டார். வழிகாட்டிக்குப் பெயர் கொடுத்தது பெரிது. அவன் தொழிலின் மொழியை அவன் வாயிலேயே வைத்தது அதனினும் பெரிது.

இங்கு ஓர் எல்லையும் உண்டு. மலையுச்சி வரை அழைத்துச் சென்ற நாணன், திண்ணனார் கண்டதைக் காணவில்லை. தலைவனுக்குப் பித்தேறியது எனக் கருதி இருவரும் நாகனிடம் அறிவிக்கத் திரும்புகின்றனர். வழி அறிந்தவன் வேறு, வழியின் முடிவை அடைந்தவன் வேறு என்பது புராணத்தின் கோட்பாடு. அதன் பின்னர் நாணனும் காடனும் கதையின் ஓரத்திற்கு ஒதுங்கி விடுகின்றனர். இதனைக் குறையென்று கூறுதல் புராணத்தின் நோக்கை மறந்த கூற்றாகும். எனினும் வழிகாட்டி எவ்விடத்தில் கைவிடப்படுகின்றான் என்பதைத் திறனாய்வாளர் குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.

4. குமாயூனும் உசூரியும்

இனி உரைநடைக்கு வருவோம். ஜிம் கார்பெட் எழுதிய குமாயூன் வேட்டைக் கதைகள் 1944இல் ஆங்கிலத்தில் நூலாயின. தி. ஜ. ர. அவர்களின் மொழிபெயர்ப்பில் 'குமாயுன் புலிகள்' என அவை தமிழுக்கு வந்தன. வடபுல வேட்டை பற்றித் தமிழர் பெற்ற கருத்துப் பெரிதும் இந்நூலின் வழிப்பட்டது.

முதற்கதை 1907இல் கொல்லப்பட்ட சம்பாவத் புலியைப் பற்றியது. அப்பெண்புலி 436 உயிர்களைக் கொன்றதாக நூல் கூறும். இறுதி நாளில் மலைச்சரிவைச் சூழ்ந்து ஒலியெழுப்ப வட்டாட்சியர் திரட்டிய ஊரார் 298 பேர். எண்ணிக்கை துல்லியமானது, பெயர்கள் இல்லை. ஊரார் துயருறுவோராகவும் நன்றி கூறுவோராகவும் உருக்கத்தோடு காட்டப்படுகின்றனர். தடம் தேர்தலும் குருதிக்குறி பற்றிச் செல்லுதலும் பெரும்பாலும் ஆசிரியர் தம் செயலாகவே உள்ளன. அவர் மெய்யாகவே அக்கலையில் வல்லவர், அதனை மறுப்பாரில்லை. ஆனால் அவ்வன்மையை அவர் யாரிடம் கற்றார் என்பதை முதல் நூல் கொண்டு அறிதல் அரிது.

1952இல் வெளிவந்த 'என் இந்தியா' என்னும் பொருள்படும் நூலில் அவ்விடை கிடைக்கின்றது. சாந்தினி சௌக் என்னும் சிற்றூரின் தலைவனும் கள்ள வேட்டையில் தேர்ந்தவனுமான குன்வர் சிங், இளஞ்சிறுவனாகிய தமக்குக் காட்டைக் கற்பித்ததைக் கார்பெட் தனி இயலாகவே எழுதினார். எட்டாண்டு கழித்தேனும் ஆசானுக்குப் பெயரும் சொல்லும் கிடைத்தன. கார்பெட்டின் இரு நூல்களையும் சேர்த்துக் கற்பார்க்கே முதல் நூலின் முழுப்பொருள் புலனாகும். முதல் நூலை மட்டும் கொண்டு அவரைப் போற்றுவாரும், அதனை மட்டும் கொண்டே தூற்றுவாரும் பாதி வழியில் நின்றவராவர்.

உருசிய நாட்டு அர்சேனியெவ் எழுதிய 'தெர்சு உசாலா' (1923) வேட்டை நூலன்று. கிழக்குச் சைபீரிய எல்லையில் உசூரிக் காடுகளை அளந்த செலவு நூல். ஆனால் அதன் வழிகாட்டி ஒரு வேட்டுவன், நானாய்ப் பழங்குடியினன். நூலின் பெயரே அவன் பெயர். அவன் பேசும் குறையுடைய உருசிய மொழியை ஆசிரியர் திருத்தாமல் தருகின்றார். 1975இல் அகிரா குரோசாவா இதனைத் திரைப்படமாக்கினார்.

அர்சேனியெவ் கூறும் ஒரு நிகழ்ச்சி. காட்டுக்குடிலில் தங்கிப் புறப்படும்போது தெர்சு உலர்ந்த விறகும் தீக்குச்சியும் அரிசியும் உப்பும் அங்கே வைத்துச் செல்ல வேண்டும் என்கின்றான். யாருக்கு என்றால், பின்னர் வரும் எவனுக்கோ. தான் காணப்போகாத ஒருவனுக்காக இவன் கவல்கின்றானே என்று ஆசிரியர் வியக்கின்றார். மலைபடுகடாம் கற்றார்க்கு இது புதிதன்று. புல்லை முடிந்திடுக என்ற கூத்தனும், அரிசியை வைத்துச் செல்க என்ற தெர்சுவும் ஒருவரையொருவர் அறியார். நிலமும் காலமும் மொழியும் வேறாகியும் அறம் ஒன்றாதல், அது காட்டு வாழ்க்கையின் தேவையிலிருந்து பிறந்தமையால் என்க.

தெர்சுவின் முடிவு நகரத்தால் வந்தது. கண்ணொளி குன்றிய அவன் ஆசிரியரோடு கபரோவ்ஸ்க் நகரில் வாழ முயல்கின்றான். நீருக்கும் விறகுக்கும் பணம் கொடுப்பது அவனுக்கு விளங்கவில்லை. காட்டிற்கே திரும்பப் புறப்பட்டவன் 1908இல் வழியில் கொல்லப்பட்டான். அங்காடியின் கணக்கு அறியாமை அவனுக்கு இழுக்கன்று. அவனை வைத்துப் போற்ற அறியாமை நகரத்திற்கு இழுக்காகும்.

5. அங்காடியும் ஆய்வும்

இவ்வளவும் நமக்கு எற்றுக்கு எனின், புதுச்சேரியிலிருந்து ஒரு சான்று கூறுவோம். ஆவணப்பெயர் குபேர் அங்காடியாயினும் மக்கள் நாவில் அது 'பெரிய மார்க்கெட்'. மீன், இறைச்சி, காய், பூ எனப் பொருள் பலவும் அங்குக் குவிகின்றன. கல்லாடனார் கூறிய நியமத்தின் வழித்தோன்றல் எனத் தகும் அவ்விடத்திலும் பொருளுக்கு எடை உண்டு, விலை உண்டு. வந்த வழி வாங்குவோனுக்குத் தெரிய வேண்டுவதில்லை. வாங்குவோனுக்கு அது போதும். ஆய்வாளனுக்குப் போதாது.

பெரிய மார்க்கெட்டிலிருந்து நெடுந்தொலைவு செல்லாமலே இருளர் குடியிருப்புகளைக் காணலாம். புதுச்சேரியில் அம்மக்கள் 2016ஆம் ஆண்டு ஆணையால் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். அவ்வாணை 'வில்லி', 'வேட்டைக்காரன்' என்னும் பெயர்களையும் இருளர் என்பதனுள் அடக்குகின்றது. வில்லையும் வேட்டையையும் தம் பெயரிலேயே தாங்கிய மக்கள் அவர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை விலக்கிற்று; அருகிவரும் விலங்குகளின் பொருட்டு அது வேண்டியதே. பெயர் வேட்டையைக் குறிக்க, சட்டம் வேட்டையை விலக்க, இடையில் நிற்கும் காட்டறிவு என்னாயிற்று என்பதே கேள்வி.

அவ்வறிவு அழியவில்லை என்பதற்குச் சான்று உண்டு. 1978இல் தமிழ்நாட்டு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றி, பிடிக்கும் திறனை நஞ்சுமுறிவு மருந்திற்குப் பயன்படுத்தியது. 2017இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவர் அமெரிக்க நாட்டுப் புளோரிடாவிற்கு அழைக்கப்பட்டனர். அயல்நிலத்திலிருந்து வந்து பெருகிய மலைப்பாம்புகளைத் தேடுதற்கு அந்நாட்டு அறிவியலார் இவர்தம் கண்ணை நாடினர். இரண்டு வாரத்திற்குள் 13 பாம்புகள் பிடிபட்டன. 2023இல் இருவரும் பத்மசிறீ விருது பெற்றனர். கடல் கடந்தார் இவர்களை வழிகாட்டிகளாகக் கொண்டனர். தமிழ்த்துறைகளாகிய நாம் கொண்டோமா?

சங்கப் பாடல்களின் வேட்டைச் சொற்களுக்கு உரை காண்பதில் நாம் அகராதிகளையும் பழைய உரைகளையும் மட்டுமே நம்பி வருகின்றோம். உரையாசிரியர் அறிவு மாபெரும் செல்வம். அதனைக் கைவிடச் சொல்வாரில்லை. ஆயினும் புழை, பொறி, வங்கு, தடம் முதலியவற்றை இன்றும் கண்ணால் அறிந்தார் நம் ஊர்ப்புறத்தே வாழ, அவரைக் கேளாமல் பொருள் வரைதல் நாணனைக் கேளாமல் காளத்தி ஏற முயல்வதை ஒக்கும். கேட்குங்கால் சொல்லை மட்டும் பெற்று வருதலும் தகாது. சொன்னவர் இசைந்தால் அவர் பெயரும், அவர் சொன்ன முறையும், சொல் வழங்கும் இடமும் ஏட்டில் ஏறுதல் வேண்டும். இல்லையேல் நம் தொகுப்புகளும் நியமத்து வாயிலில் கட்டிய களிற்றுக் கன்றாகவே நிற்கும். காண்போர் வியப்பர், கன்று தன் காட்டை இழந்திருக்கும்.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது இது. வேட்டை நூலின் தகுதி வீழ்ந்த விலங்கின் பெருமையால் அமைவதன்று. வழி அறிந்தானுக்கு அந்நூல் தரும் இடத்தால் அமைவது. வேங்கடப் பாடல்கள் அவன் கைத்தொழிலைக் காட்டின. மலைபடுகடாம் அவன் அறத்தைக் காட்டிற்று. சேக்கிழார் அவனுக்குப் பெயரும் மொழியும் தந்தார். கார்பெட் காலந்தாழ்த்தும், அர்சேனியெவ் தொடக்கத்திலேயும் அவனை ஆசானாக ஏற்றனர். இவ்வரிசையில் தமிழாராய்ச்சி எவ்விடத்தில் நிற்கப்போகின்றது என்பது இனிவரும் ஆய்வு மாணவர் கையில் உள்ளது. அவர்கள் செல்லும் கவலைகளில் தமக்குப் பின்வருவார்க்காகச் சிறிது புல்லை முடிந்திட்டுச் செல்வாராக.